ஒரு மணித்தியாலத்துக்குள்ள எடுப்பன்

ஜனவரி 9, செவ்வாய்

ஆரணி இந்த டயரியை மேசையில் வைத்துவிட்டு ஒட்டாவாவுக்குத் திரும்பிப் போய்விட்டாள். "அம்மா, டொக்டர் சொல்லுறதையெல்லாம் இதில எழுதி வையுங்கோ. நான் போனில கேட்கேக்க மறந்து போனன் எண்டு சொல்லக்கூடாது" என்றாள். அதற்காகத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் கடிதம்கூட ஒழுங்காக எழுதியதில்லை.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை இவர் மார்க்கம் பக்கம் ஒரு வீட்டில் ஃபேர்னஸ் திருத்தப் போனார். நிலக்கீழ் அறையில் மோட்டரைக் கழற்றும்போது ஸ்பனர் கையிலிருந்து விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவர் எழும்பவில்லை. அந்த வீட்டுச் சீனப் பெண்தான் அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். பாரிசவாதம். வலது கையும் காலும் அசைவில்லை. பேச்சு இல்லை.

டொக்டர் சொன்னது: மூளையின் இடது பக்கம், பேச்சு இருக்கிற இடம். மற்றவர்கள் சொல்வது விளங்கும். பதிலுக்கு வார்த்தை வராது. போகப் போக வரலாம், வராமலும் போகலாம்.

இவருடைய ஜாக்கெட்டையும் போனையும் ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. கடுங்குளிர் தொடங்கினால் வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். இவருக்கு ஓய்வே இருக்காது. போனைச் சார்ஜரில் போட்டு ஃபிரிட்ஜுக்கு மேல் வைத்திருக்கிறேன். நான் எடுப்பதில்லை. இருபத்தைந்து வருடத்தில் இவருடைய வேலைப் போனை நான் ஒருநாளும் எடுத்ததில்லை.

ஜனவரி 10, புதன்

இன்று ஒரு வார்த்தை வந்தது.

தண்ணீர் வேணுமா என்று கேட்டேன். "வந்திட்டன்" என்றார். எங்கேயும் நோகுதா என்றேன். "வந்திட்டன், வந்திட்டன்" என்றார். நான் யார் என்று தெரிகிறதா என்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதையேதான் சொன்னார்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வானை நிறுத்திவிட்டுப் போனில் சொல்லுகிற வார்த்தை அது. நினைத்துச் சொல்கிறார் என்று எண்ண வேண்டாம், அந்த ஒன்றுதான் தானாக வெளியே வருகிறது என்று தாதி சொன்னார். வாயின் வலது பக்கம் இறங்கியிருக்கிறது. சொல்லும்போது எச்சில் வழிகிறது.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே பஸ் எடுத்து வந்துவிட்டேன். கீரை ஆய்ந்தேன். சமைக்கவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

பனி கொட்டுகிறது. நடைபாதை வழிக்கவில்லை. விழுந்து எழும்பினால் யார் பார்ப்பது என்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நேற்றும் காற்று.

குளியலறை தேய்த்தேன். இவருடைய வேலை உடுப்புகளைத் துவைத்தேன். முழங்காலில் இருந்த கரி போகவில்லை.

இவருடைய போன் வேலை செய்கிறதா என்று பார்க்க என் போனிலிருந்து ஒரு அழைப்பு எடுத்தேன். ஃபிரிட்ஜுக்கு மேலே அதிர்ந்தது. பிறகு வொய்ஸ் மெயிலுக்குப் போனது.

"வணக்கம், நான் குலம் கதைக்கிறன். இப்ப வேலையில நிக்கிறன். பேரையும் நம்பரையும் சொல்லிவிடுங்கோ. ஒரு மணித்தியாலத்துக்குள்ள எடுப்பன். ஆரையும் குளிருக்குள்ள விடமாட்டன்." பிறகு அதையே இங்கிலீசில் சொல்லுகிறார்.

வேலை செய்கிறது.

பின்னேரமும் ஒருதரம் பார்த்தேன். வேலை செய்கிறது.

ஜனவரி 13, சனி

ஆரணி விடிய வெளிக்கிட்டுப் பத்து மணிக்கே வந்துவிட்டாள். எனக்குத் தொண்டை கரகரத்தது. ஆஸ்பத்திரிக்குள் தடிமனைக் கொண்டுபோகக் கூடாது என்று அவளைத் தனியே அனுப்பினேன். கண் சிவந்து வந்தாள். புட்டுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டு முடித்துத்தான் கதைத்தாள்.

"அப்பா உங்களைத் தேடுறார் அம்மா."

"கதைக்கவே ஏலாது. எப்பிடித் தேடுறது?"

"கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்."

போன் அடித்தது. இரண்டு பேரும் ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடித்து ஓய்ந்தது.

"அம்மா, அப்பான்ர வொய்ஸ் மெயிலை மாத்தோணும். சனம் அதை நம்பிக் காத்துக்கொண்டிருக்கப் போகுது."

"வேற ஆக்கள் இல்லையோ ஊரில? இவர் எடுக்காட்டி வேற ஆரையும் கூப்பிடுவினம்."

அவள் போனை எடுத்துத் திறக்கப் பார்த்தாள். இலக்கம் கேட்டது. தன் பிறந்தநாள், என் பிறந்தநாள், வீட்டு இலக்கம் எல்லாம் போட்டுப் பார்த்தாள். திறக்கவில்லை. "அப்பான்ர விரல் வைச்சால் திறக்கும். நீங்கள் போகேக்க கொண்டுபோங்கோ" என்றாள். ஓம் என்றேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். சின்னச் சட்டியில் பொங்கி, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எடுத்து மூடினேன்.

சூரியகுமார் வந்தார். இவரும் சூரியும் ஒரே ஊர், ஒரே வருடம் இங்கே வந்து இறங்கினவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சீட்டாட்டம். இவ்வளவு நாளும் சூரி ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. வாசலில் நின்றபடியே கதைத்தார்.

"தங்கச்சி, எனக்கு அந்த ஆஸ்பத்திரி மணம் ஒத்துவராது. குலம் எழும்பி வரட்டும், வீட்டில வந்து பார்க்கிறன்."

"பறவாயில்லை அண்ணை."

இவ்வளவு நாள் பழகிய மனிதன் இப்படிச் செய்கிறாரே என்று எரிச்சல் வந்தது. பொங்கலை அவர் கையில் கொடுத்தனுப்பினேன்.

ஜனவரி 16, செவ்வாய்

வேலைக்குப் போனேன். லீவு எடுக்கலாம் என்று மேற்பார்வையாளர் சொன்னார், வேண்டாம் என்றேன். வீட்டில் இருந்து என்ன செய்கிறது.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதி கீழே இருக்கிறது. மடித்த துணிகளை மேலே கொண்டுபோகும்போது எல்லாரையும் பார்ப்பேன். பாரிசவாதம் வந்தவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து இருப்பார்கள். முதல் மாதம் மனைவிமார் ஒவ்வொரு நாளும் வருவார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். பிறகு கிறிஸ்மசுக்கு. அவர்களை நான் வாய்க்குள் திட்டியிருக்கிறேன்.

வேலை முடிய இருட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும்.

ஜனவரி 17, புதன்

இந்த வருடத்தின் மிகக் கடுமையான குளிர் என்று ரேடியோவில் சொன்னார்கள். சன்னலின் உள்பக்கம் ஐஸ் பிடித்திருக்கிறது. எங்கள் ஃபேர்னஸ் நன்றாக ஓடுகிறது. ஐப்பசியில் இவர் துப்புரவாக்கி வைத்தது.

போன் காலையிலிருந்து ஓயவில்லை. கடைசியில் அதன் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினேன். அதிர்வு மட்டும் கேட்கிறது.

ஜனவரி 18, வியாழன்

இன்று போனேன். நித்திரையாக இருந்தார். எழுப்பவில்லை.

ஜனவரி 20, சனி

சூரி போன் எடுத்தார். குரல் சரியில்லை.

"தங்கச்சி, அருளம்பலம் ஐயாவைத் தெரியும்தானே? கோயிலுக்குப் பக்கத்தில இருக்கிறவர்."

தெரியும். ஐயாவுக்கு எண்பது வயதுக்கு மேல். மனைவி திரவியம் அக்கா. பிள்ளை தூரத்தில். இரண்டு பேரும் தனியே இருக்கிறார்கள். அவர்களுடைய ஃபேர்னஸை எப்போதும் இவர்தான் பார்ப்பார்.

"ஐயாவை நேற்று ஆஸ்பத்திரியில போட்டிருக்கு. நிமோனியாவாம். புதன்கிழமை ஃபேர்னஸ் நிண்டிட்டுது. குலத்துக்கு எடுத்தவையாம். குலம் வருவான் வருவான் எண்டு குளிருக்குள்ளேயே இருந்திருக்கினம்."

"ஏன் வேற ஆரையும்..."

"அவைக்குக் குலத்தின்ர விசயம் தெரியாது. போனில குலத்தின்ர குரல்தானே சொல்லுது, ஒரு மணித்தியாலத்தில எடுக்கிறன் எண்டு."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். இவர் இருக்கிற அதே ஆஸ்பத்திரிதான்.

ஜனவரி 21, ஞாயிறு

விடியவே வெளிக்கிட்டேன். போனைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இவர் விழித்திருந்தார். என்னைக் கண்டதும் "வந்திட்டன்" என்றார். நான் கட்டிலுக்கு வலது பக்கம் போய் நின்றேன். அந்தக் கையை நான் இதுவரை தொடவில்லை. போர்வைக்கு வெளியே ஒரு தலையணையில் வைத்திருந்தார்கள். தூக்கினேன். இவ்வளவு பாரமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஈரச் சேலையைத் தண்ணீரிலிருந்து தூக்குவது போல இருந்தது. விரல்கள் சுருண்டிருந்தன. பெருவிரலை விரித்துப் போனில் வைத்தேன். திறக்கவில்லை. முகம் துடைக்கிற துணியால் விரலைத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். திறந்தது.

முழு நேரமும் அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்கிறேன் என்று விளங்கியிருக்கும். கையை மெதுவாகத் தலையணையில் வைத்தேன். "ஒருக்கா வெளியில போட்டு வாறன்" என்று சொல்லி நடைவழிக்கு வந்து ஒரு கதிரையில் இருந்தேன்.

செய்திகள் நிறையக் கிடந்தன. அந்த மார்க்கம் வீட்டுச் சீனப் பெண் இவர் சுகமா என்று கேட்டிருந்தார். யாரோ விலை கேட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் இரண்டாம் தரம் எடுத்து இங்கிலீசில் ஏசியிருந்தார். நான் திரவியம் அக்காவின் குரலைத் தேடினேன்.

"குலம் தம்பி, நான் திரவியம் அக்கா. ஃபேர்னஸ் நிண்டுபோச்சு. ஐயாவுக்கு விறைக்குது. ஒருக்கா எடும் என்ன."

"தம்பி, வேலை கூடப்போல. பறவாயில்லை, ஆறுதலா வாரும். நாங்கள் போர்வையைச் சுத்திக்கொண்டு இருக்கிறம்."

"தம்பி, மருமோன் போனில நிக்கிறார், வேற ஆளைக் கூப்பிடட்டோ எண்டு. ஐயா விடுறாரில்லை. குலம் வாறனெண்டால் வருவான், அதுக்குள்ள வேற ஒருத்தனைக் கூப்பிட்டால் அவன்ர மனம் என்ன பாடுபடும் எண்டு சொல்லுறார். குசினியில அடுப்பைப் போட்டுக்கொண்டு இருக்கிறம்."

கடைசிச் செய்தி வெள்ளிக்கிழமை காலை.

"குலம், உமக்கு ஒண்டும் இல்லைத்தானே? நீர் இப்பிடிச் செய்யிற ஆள் இல்லை. எங்களுக்குப் பயமாக் கிடக்கு. ஃபேர்னஸை விடும். நல்லா இருக்கிறன் எண்டு மட்டும் ஒருக்கா எடுத்துச் சொல்லும்."

ஒரு தாதி வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் வரை நான் அங்கேயே இருந்திருக்கிறேன்.

பிறகு விசாரித்துக்கொண்டு மேல் மாடிக்குப் போனேன். ஐயா மூக்கில் குழாயோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. திரவியம் அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"நேற்றுத்தான் சூரி சொன்னது. குலத்துக்கு இப்பிடி ஆச்சாமே. பிள்ளை, நீ தனியவே நிக்கிறாய்?"

"அக்கா, நான் போனை மாத்தியிருக்கோணும். மாத்தச் சொல்லி மகள் சொன்னவள். நான் மாத்தேல்லை."

அவர் கையை விடவில்லை.

"சொல்லியிருந்தால் வேற ஆரையும் கூப்பிட்டிருப்பம் பிள்ளை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஜனவரி 22, திங்கள்

ஆரணி நேற்றே, திறந்த போனை மூடாமல் வைத்திருக்கச் சொல்லி, திரை தானாகப் பூட்டாமல் இருக்க வழி சொல்லித் தந்திருந்தாள். இன்று வேலைக்கு லீவு சொன்னேன். காலையில் அவளோடு என் போனில் கதைத்துக்கொண்டு இவருடைய போனைக் கையில் எடுத்தேன்.

"வொய்ஸ் மெயிலுக்குள்ள போங்கோ. மேல கிரீட்டிங் எண்டு இருக்கும். அதைத் தொடுங்கோ. ரெக்கோர்ட் எண்டு இருக்கா? பொறுங்கோ அம்மா, தொடாதேங்கோ. புதுசு பதிஞ்சால் அப்பான்ர பழசு அழிஞ்சிடும். முதல் அதை ஓடவிட்டு, நான் இஞ்ச என்ர போனில பிடிச்சு வைக்கிறன்."

"வேண்டாம்."

"ஏன் அம்மா?"

"சார்ஜ் இல்லை. பேந்து பார்ப்பம். வைக்கிறன்."

போனில் சார்ஜ் இருந்தது. அந்தக் குரல் எங்கேயாவது இருந்தால் நான் அதோடேயே இருந்துவிடுவேன். கட்டிலில் கிடக்கிற மனிதனிடம் போகமாட்டேன். பத்து நாட்களாக அதைத்தான் செய்தேன்.

கடதாசியில் எழுதி வைத்து வாசித்தேன். முதல் தரம் இருமல் வந்தது. அடுத்த தரம் பேர் சொல்லும்போது குரல் போய்விட்டது. பிறகு சரிவந்தது:

"வணக்கம். நான் குலவீரசிங்கத்தின்ர மனிசி தவமலர் கதைக்கிறன். அவருக்குக் கடுமையான வருத்தம். இனி வேலைக்கு வரமாட்டார். ஃபேர்னஸ் நிண்டுபோனால் காத்திருக்காதேங்கோ. யோகன் எண்டு ஒரு ஆள் இருக்கிறார், நல்ல வேலைகாரன், அவருக்கு எடுங்கோ, நம்பர் சொல்லுறன். இந்த நம்பருக்கு இனி எடுக்கத் தேவையில்லை. நன்றி."

இங்கிலீசில் சொல்ல வேண்டியதை ஆரணி முதல்நாளே தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தாள். அதையும் வாசித்துச் சேமித்தேன்.

என் போனிலிருந்து எடுத்துப் பார்த்தேன். என் குரல்தான் வந்தது.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இவருக்குச் சவரம் செய்துவிட்டேன். வலது கன்னத்தில் எங்கே அழுத்துவது என்று தெரியாமல் கொஞ்சம் வெட்டிவிட்டேன். இவருக்கு அது தெரியவில்லை. இரத்தத்தைத் துடைத்துவிட்டுக் கன்னத்தில் கையை வைத்தபடி நின்றேன்.

பெப்ரவரி 3, சனி

எழுத நேரமில்லை. வேலை, ஆஸ்பத்திரி, வீடு. இப்போது லீவு எடுத்துவிட்டேன்.

இவரை மறுவாழ்வு ஆஸ்பத்திரிக்கு மாற்றியாயிற்று. பிடித்துவிட்டால் நிற்கிறார். அருளம்பலம் ஐயா தப்பிவிட்டார். மகளோடு பிரம்டனில் இருக்கிறார்கள். அந்தப் பழைய வீட்டுக்கு இனித் திரும்பிப் போகமாட்டார்களாம்.

இங்கே பேச்சுப் பயிற்சிக்கு நஸ்ரின் என்று ஒரு பெண். ஈரானைச் சேர்ந்தவர், ஆரணியை விடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். இன்று ஆரணியும் கூட இருந்தாள். அடிக்கடி சொல்லிப் பழகிய வார்த்தைகள்தான் முதலில் திரும்பி வரும். பாட்டு, எண்ணிக்கை, வணக்கம் சொல்லுவது போன்றவை என்றார் நஸ்ரின். இவர் தன் குரலில் ஒரே மாதிரிப் பேசிய பதிவு ஏதாவது இருந்தால் அதோடு சேர்ந்து சொல்லப் பழக்கலாம் என்று கேட்டார்.

ஆரணி என்னைப் பார்த்தாள்.

"இல்லை" என்றேன்.

வீட்டு வீடியோக்களை எல்லாம் தேடிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் கமராவைப் பிடித்தவர் இவர்தான். பேச்சே இல்லை. ஒன்றில் மட்டும் கமராவுக்குப் பின்னாலிருந்து, "தள்ளி நில்லும், தலை வெட்டுது" என்று என்னை அதட்டுகிறார்.

பெப்ரவரி 6, செவ்வாய்

உங்கள் தப்பு என்று நினைக்காதீர்கள் என்று நஸ்ரின் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். முகத்தில் எழுதியிருக்கிறது என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று சொல்லுகிறார். நான்கில் நின்றுவிடுகிறார்.

பெப்ரவரி 10, சனி

இவருடைய போன் இப்போது அவருடைய கட்டில் மேசையில்தான் இருக்கிறது. அது அடிப்பதில்லை. எல்லாரும் யோகனுக்கு எடுக்கிறார்கள். வேலை நிறைய என்று யோகன் நன்றி சொன்னார். நல்லதுதானே என்று நினைத்தேன்.

இவர் அடிக்கடி அந்தப் போனைப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். இன்று தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது இடது கையை நீட்டி என் போனைக் கேட்டார். கொடுத்தேன். நான் எடுத்த அழைப்புகள் வரிசையாகத் தெரிகிற இடத்தைத் திறந்து பார்த்தார். மேலே ஆரணியின் பெயர். கீழே தள்ளிக்கொண்டு போனார். ஜனவரியில் அவருடைய பெயர்தான். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, முழுக்க அவருடைய பெயர். அதை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தோடம்பழத்தைப் பார்த்தேன்.

பிறகு தன் பெயரைத் தொட்டார். மேசையில் அவருடைய போன் அதிர்ந்து ஓய்ந்தது. என் குரல் வந்தது. கடைசி வரை கேட்டார்.

"இல்லை" என்றார்.

தெளிவாகச் சொன்னார். நான் பழத்தைக் கீழே போட்டுவிட்டேன். பயிற்சியில் எண்ணுவதை விட்டால், அந்த ஒரு வார்த்தையைத் தவிர அவராகச் சொன்ன முதல் வார்த்தை. ஆனால் சந்தோசப்பட விடவில்லை. "இல்லை, இல்லை, இல்லை" என்று போனால் மேசையில் தட்டினார். முகம் சிவந்துவிட்டது.

"என்ன இல்லை? நான் பதிஞ்சது பிழையோ?"

"இல்லை!"

"இஞ்சாருங்கோ, என்ன செய்யச் சொல்லுறியள்? சனம் குளிருக்குள்ள காத்துக்கொண்டு இருக்குது. நீங்கள் இனி வேலைக்குப் போகேலாது. விளங்குதா? போகேலாது."

அதை நான் அவருக்குச் சொல்வது இதுதான் முதல் தரம். சொன்ன பிறகுதான் தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

இவர் போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெப்ரவரி 11, ஞாயிறு

சோறு தீத்தினேன். வாய் திறந்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

பெப்ரவரி 19, திங்கள்

விடுமுறை நாள் என்றபடியால் ஆரணி நின்றாள். நஸ்ரின் லீவு நாளிலும் வேலைக்கு வந்திருந்தார். இவர் இந்த ஒரு வாரமாகப் பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை என்று சொன்னார். நடந்ததை ஆரணி அவருக்குச் சொன்னாள்.

நஸ்ரின் கொஞ்சம் யோசித்தார். எது பிடிக்கவில்லை என்று கேட்டீர்களா என்றார். கேட்டேன், இல்லை என்றுதான் சொல்கிறார் என்றேன். அப்படியென்றால் முழுவதையும் ஒன்றாகக் கேட்க வேண்டாம், துண்டு துண்டாகக் கேட்போம் என்றார்.

இவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். ஆரணி என் பதிவை ஓடவிட்டாள். ஒவ்வொரு வசனம் முடியவும் நிறுத்தினாள்.

"நான் குலவீரசிங்கத்தின்ர மனிசி தவமலர் கதைக்கிறன்."

"அப்பா, இது சரியோ?"

தலையை ஆட்டினார், சரி என்று.

"அவருக்குக் கடுமையான வருத்தம்."

சரி.

"இனி வேலைக்கு வரமாட்டார்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆரணியின் குரல் கேட்டது. "அப்பா, இது?"

கண்ணைத் திறந்து பார்த்தேன். இவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். சரி. இவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கத்திச் சொல்வதற்கு முன்பே தெரிந்திருக்கிறது.

யோகனின் பெயருக்கும் சரி.

"இந்த நம்பருக்கு இனி எடுக்கத் தேவையில்லை."

"இல்லை" என்றார்.

ஆரணி திரும்பவும் அந்த வசனத்தை மட்டும் ஓடவிட்டாள். "இல்லை. இல்லை." இடது கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது.

நஸ்ரினுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஆரணி மொழிபெயர்ப்பதற்கு முன்பே அவர் எழும்பிச் சன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

எடுக்கத் தேவையில்லை என்று சொன்னால் நல்லது, அவரைக் கரைச்சல் படுத்தமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று ஆரணியிடம் சொன்னேன். இன்னொன்றும் இருந்தது. யாராவது எடுத்து, அவர் "வந்திட்டன், வந்திட்டன்" என்று சொல்லி, அது ஊரெல்லாம் பரவுவதை நான் விரும்பவில்லை. வெட்கம். அதை அவளிடம் சொல்லவில்லை. அவரிடம் சொன்னேன், அவள் காரை எடுக்கப் போன பிறகு. அவர் என் கையைப் பிடித்து இரண்டு தரம் தட்டினார்.

மார்ச் 9, சனி

வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. வரவேற்பறையில் கட்டில் போட்டிருக்கிறோம். படி ஏற இன்னும் ஏலாது. குளியலறைக்குத் தடி பிடித்து, நான் பின்னால் நிற்க, போகிறார்.

வார்த்தைகள் வருகின்றன. தேத்தண்ணி, காணும், சூடு. நேற்று என்னைப் பார்த்து ஆரணி என்றார். தலையில் தட்டிக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 16, சனி

இன்று புதிதாகப் பதிந்தோம்.

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்து, என்ன சொல்லப் போகிறேன் என்பதை வசனம் வசனமாகச் சொல்லிக் காட்டினேன். ஒரு இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். "தயவுசெய்து பொறுமையாக இருங்கள்" என்று எழுதியிருந்தேன். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. வெட்டினேன். வேறு ஒரு சொல் சொன்னேன். அதுவும் வேண்டாம். கடைசியில் நான் சும்மா வீட்டில் கதைக்கிற மாதிரிச் சொன்னதற்கு, "ம், அது" என்றார்.

"வணக்கம். இது குலவீரசிங்கத்தின்ர போன். நான் அவற்ற மனிசி தவமலர். ஃபேர்னஸ் வேலையெண்டால் காத்திருக்காதேங்கோ, யோகனுக்கு எடுங்கோ. இவரோட கதைக்கவெண்டால் இந்த நம்பருக்கே எடுங்கோ. நீங்கள் சொல்லுறது எல்லாம் இவருக்கு விளங்கும். பதில் சொல்லச் சுணங்கும். வைச்சிடாதேங்கோ."

சேமிக்கிற இடத்தை நான் தொடப் போனேன். என் கையை விலக்கிவிட்டு அவர் தன் இடது பெருவிரலால் தொட்டார்.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் இருந்து போனைத் தன் மடியிலேயே வைத்திருந்தார். நானும் அதைப் பார்க்காத மாதிரி அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எடுக்கவில்லை. இன்று என்ன, நேற்றுத்தானே பதிந்தது, எல்லாருக்கும் எப்படித் தெரியும் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது அடித்தது. எட்டிப் பார்த்தேன். எடுக்க வேண்டிய இடத்தை விரலால் தேடுகிறார். ஓடிப்போய் உதவி செய்யலாம் என்று கால் எழும்பியது. போகவில்லை. அடித்து ஓய்ந்துவிட்டது. என் குரல்தான் போயிருக்கும்.

அவர் போனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அடித்தது. இந்தமுறை தொட்டுவிட்டார். ஸ்பீக்கரில் வந்தது சூரியின் குரல்.

"குலம்?"

இவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"குலம், நான் சூரியடா. முதல் எடுத்தனான். தங்கச்சி சொன்னதைக் கேட்டனான். அதுதான் திரும்ப எடுக்கிறன்."

இவருடைய தொண்டை அசைந்தது. இடது கை போர்வையைப் பிடித்துக் கசக்கியது. மறுபக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் குசினி வரை கேட்டது.

"நான் ஆஸ்பத்திரிக்கு வரேல்லை. எனக்கு உன்னை அப்பிடிப் பார்க்கப் பயமாக் கிடந்தது." சூரி மூக்கை உறிஞ்சினார். "சரி விடு. நீ ஆறுதலாச் சொல்லு. நான் நிக்கிறன்."

நான் அடுப்பைக் குறைத்தேன். குழம்பின் சத்தம் அடங்கியது. இவர் உதட்டை முன்னுக்குக் கூட்டினார், விட்டார், திரும்பவும் கூட்டினார். "சு" என்று ஒரு காற்று மட்டும் வந்தது.

"நிக்கிறன்" என்றார் சூரி.

நான் சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தேன். சூரி வைக்கவில்லை.